சட்டம் விடவில்லையா, கடன் விடவில்லையா, மனம் வரவில்லையா? அமெரிக்காவை நிறுவியவர்களும் அவர்களிடம் இருந்த அடிமைகளும்

"எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று 1776-இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தன் ஆயுட்காலத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். வாஷிங்டன், மேடிசன், பேட்ரிக் ஹென்றி என்று வர்ஜீனியாவிலிருந்து வந்த பெருந்தலைகள் எல்லோரும் அடிமை உடைமையாளர்களே. இதைச் சொன்னதும் மூன்று சமாதானங்கள் வரும். விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை, கழுத்துவரை கடன், அந்தக் காலத்தில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இந்த மூன்றும் எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் இங்கே கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், சட்டம் என்ற காரணம் 1782-க்குப் பிறகு நிற்காது. கடன் பாதி உண்மை. காலம் என்ற காரணம் முழுக்கத் தவறு. இவை தவிர, பொதுவாக யாரும் எடுத்துப் பேசாத விதவைப் பங்கு என்று ஒன்று உண்டு. உண்மையான சட்டச் சிக்கல் அதில்தான் இருந்தது.

முதலில் சட்டம். வர்ஜீனியாவில் 1723 முதல் ஒருவர் தன் அடிமையை விடுவிக்க வேண்டுமானால், அந்த அடிமை ஏதோ சிறப்பான சேவை செய்தார் என்று காட்டி, கவர்னரும் அவரது ஆலோசனை சபையும் அனுமதி தர வேண்டும். நடைமுறையில் கதவு மூடியே கிடந்தது. 1782-இல் மாநிலச் சட்டமன்றம் அதைத் திறந்துவிட்டது. அந்தச் சட்டப்படி செய்ய வேண்டியது மிகக் குறைவு: உயிலில் எழுதலாம், அல்லது கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஒரு பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளை வைத்து, மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். விடுதலை பெற்றவருக்குப் பத்திரத்தின் நகலை நீதிமன்ற எழுத்தர் தர வேண்டும். அதற்குக் கட்டணம் 5 ஷில்லிங், அதையும் உடைமையாளரே கட்ட வேண்டும். அந்த நகல் கையில் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டிய கறுப்பரைப் பிடித்துச் சிறையில் போடலாம். ஆகவே விடுதலை பெற்றவருக்கு அந்தக் காகிதம்தான் உயிர்.

நிபந்தனை ஒன்று உண்டு. 45 வயதைத் தாண்டியவர்கள், உடலோ மனமோ நலமில்லாதவர்கள், 21 வயது நிரம்பாத ஆண்கள், 18 நிரம்பாத பெண்கள் ஆகியோரை விடுவித்தால் அவர்களைப் பராமரிக்கும் செலவு உடைமையாளருடையது. உழைக்கும் வயதெல்லாம் வேலை வாங்கிவிட்டு, கிழவனானதும் "போ, உனக்கு விடுதலை" என்று தெருவில் விடுவதைத் தடுக்க வைத்த விதி இது. நல்ல விதிதான். ஆனால் இருநூறு பேரை வைத்திருப்பவர், அதில் பாதிப் பேர் குழந்தைகளும் முதியவர்களும் என்றால், கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

1806-இல் கதவு மீண்டும் பாதி சாத்தப்பட்டது. அதன் பிறகு விடுதலை பெறுபவர் 12 மாதத்துக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும். இல்லையென்றால் பிடித்து மறுபடி விற்றுவிடலாம். மனைவி ஒரு பண்ணையிலும் கணவன் இன்னொரு பண்ணையிலும் இருந்த சமூகத்தில், விடுதலை என்பது குடும்பத்தைப் பிரிந்து போவது என்று ஆனது. ஆக, 1782 முதல் 1806 வரை 24 ஆண்டுகள் வழி திறந்திருந்தது. அந்தக் காலத்தில் வர்ஜீனியாவின் சுதந்திரக் கறுப்பர் எண்ணிக்கை சில ஆயிரத்திலிருந்து 1790-இல் 12,000-க்கு மேலும், 1810-இல் 30,000-க்கு மேலும் உயர்ந்தது. பலர் செய்தார்கள். பெரும் பெயர்கள் பெரும்பாலும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

செய்தவர்களில் ஒருவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: நாமினி ஹால் பண்ணையின் ராபர்ட் கார்ட்டர். வாஷிங்டனையும் ஜெஃபர்சனையும் விடப் பணக்காரக் குடும்பம். இவர் 1791 செப்டம்பரில் நார்தம்பர்லாந்து மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு விடுதலைப் பத்திரத்தைக் கொடுத்தார். அதில் 450-க்கும் மேற்பட்டவர்களின் பெயர், வயது, எந்தப் பண்ணையில் இருக்கிறார் என்ற விவரம் எல்லாம் இருந்தன. எல்லோரையும் ஒரே நாளில் அவர் விடவில்லை. ஆண்டுக்குச் சுமார் 15 பேர், மூத்தவர்களிலிருந்து தொடங்கி. சிறுவர்கள் குறிப்பிட்ட வயதை எட்டும்போது தானாகவே விடுதலை. பிள்ளைகளும் மருமகன்களும் பின்னால் வந்து குறுக்கே நிற்பார்கள் என்று தெரிந்தே, உயிலில் வைக்காமல், உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்தார். அக்கம்பக்கத்துப் பண்ணையார்கள் கொதித்தார்கள். கார்ட்டர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்து, ஒரு முகவரை வைத்து ஆண்டுதோறும் பத்திரங்களைத் தொடர்ந்து பதிவு செய்ய வைத்தார். ஒரு தனிமனிதர் செய்த விடுதலைகளில் அமெரிக்க வரலாற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இது. பள்ளிப் பாடங்களில் இவர் பெயர் வராததுதான் எனக்கு ஆற்றாமை.

இப்போது கடன். இதைச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அடிமை என்பவர் சட்டத்தின் கண்ணில் சொத்து. சொத்தின் மேல் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு. கடனில் இருப்பவர் விடுதலைப் பத்திரம் எழுதினாலும், கடன் கொடுத்தவர்கள் நீதிமன்றம் போய் அந்த ஆட்களைத் திரும்பப் பிடித்து விற்க வைக்கலாம். ஜெஃபர்சனுக்கு 1773-இல் மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தபோது 135 அடிமைகளும் நிலங்களும் வந்தன. கூடவே ஆங்கிலேய வியாபாரிகளிடம் வாங்கிய பெருங்கடனும் வந்தது. அந்தக் கடன் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

ஆனால் கடன் எப்படி வளர்ந்தது, எப்படி அடைக்கப்பட்டது என்று பார்த்தால் இன்னொரு முகம் தெரியும். 1784 முதல் 1794 வரை விற்றும் மகள், சகோதரிகளுக்குக் கொடுத்தும் அவர் கைமாற்றியவர்கள் 161 பேர். அதே 1790-களில் மான்டிசெல்லோ மாளிகையை இடித்துப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். மது, புத்தகம், மேசை நாற்காலிச் செலவும் குறையவில்லை. 1794-இல் ஆணிப் பட்டறை ஒன்றை நிறுவினார். அங்கே வேலை செய்தவர்கள் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள். இரும்புக் கம்பியை எடைபோட்டுக் கொடுத்து, மாலையில் ஆணியை எடைபோட்டு வாங்கி, எந்தப் பையன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று குறித்து வைத்த கணக்கு அவர் கைப்படவே இருக்கிறது. அவருடைய பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் வயதுவாரியாக ஏற்பாடும் உண்டு: 10 வயதுவரை சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், 10 முதல் 16 வரை பையன்கள் ஆணி அடிக்க, பெண்பிள்ளைகள் நூல் நூற்க வேண்டும், 16-இல் வயலுக்கோ கைத்தொழிலுக்கோ போக வேண்டும். 1820-இல் தன் மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபம் தருபவள் என்கிறார். கடனில் மாட்டிக்கொண்டவரின் பேச்சு இது இல்லை. முதலீட்டைக் கணக்கிடுபவரின் பேச்சு.

கடன் என்ற காரணத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. போலந்து நாட்டு வீரர் கொஷ்சியுஸ்கோ அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்டவர். 1798-இல் அவர் எழுதிய உயிலில், அமெரிக்காவில் தனக்குள்ள பணத்தைக் கொண்டு அடிமைகளை வாங்கி விடுவிக்கவும், படிக்க வைக்கவும் வேண்டும் என்றார். ஜெஃபர்சனே தன் அடிமைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதி, அவரையே நிறைவேற்றுநர் ஆக்கினார். 1817-இல் கொஷ்சியுஸ்கோ இறந்ததும் ஜெஃபர்சன் முதுமையைக் காரணம் காட்டி அந்தப் பொறுப்பை விட்டு விலகினார். கொஷ்சியுஸ்கோ பின்னாளில் ஐரோப்பாவில் வேறு உயில்களும் எழுதியிருந்ததால் வழக்கு வந்தது. 1852-இல் உச்ச நீதிமன்றம் பணத்தை அவருடைய உறவினர்களுக்கே கொடுத்துவிட்டது. ஜெஃபர்சன் முயன்றிருந்தாலும் ஜெயித்திருப்பாரா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அவர் முயலவே இல்லை.

1826 ஜூலை 4-இல் ஜெஃபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இருவர், ஜெஃபர்சனின் அடிமையான சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் மகன்கள் மேடிசனும் எஸ்டனும். 1998-இல் நடந்த மரபணுச் சோதனையையும் பிற சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, சாலியின் குழந்தைகளுக்கு ஜெஃபர்சனே தந்தை என்று பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் ஏற்கிறார்கள். 1806 சட்டம் இருந்ததால், இந்த ஐந்து பேரும் மாநிலத்திலேயே இருக்க அனுமதிக்கும்படி சட்டமன்றத்தை உயிலிலேயே கேட்டுக்கொண்டார், அனுமதியும் கிடைத்தது. மீதி 130 பேர்? 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவிலேயே ஏலம். உயிலால் விடுதலை பெற வேண்டிய கொல்லர் ஜோசஃப் ஃபாசெட், தன் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்படுவதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஈடித் வேறு யாருமில்லை, ஜெஃபர்சன் ஜனாதிபதி மாளிகையில் இருந்தபோது பிரெஞ்சு சமையல் கற்றுக்கொடுத்து வைத்திருந்த சமையல்காரர்.

அடுத்து வாஷிங்டன். விதவைப் பங்கு என்று சொன்னேனே, அதைப் புரிந்துகொள்ள இவர்தான் சரியான உதாரணம். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் கஸ்டிஸ் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். அப்போதைய சட்டப்படி விதவைக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. விற்கவோ விடுவிக்கவோ உரிமை இல்லை. அவர் இறந்ததும் அது கஸ்டிஸ் வாரிசுகளுக்குப் போகும். வாஷிங்டன் மார்த்தாவை மணந்ததும் அந்தப் பங்கை நிர்வகிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது, உடைமை வரவில்லை.

1799 கோடையில் அவர் கைப்பட எழுதிய பட்டியலில் அவருடைய மவுண்ட் வெர்னன் எஸ்டேட்டில் இருந்த அடிமைகள் 317 பேர். அதில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். 153 பேர் விதவைப் பங்கு. மீதி 41 பேர் பிறரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர்கள். குழந்தை தாயின் நிலையைப் பெறும் என்பது சட்டம். ஆகவே வாஷிங்டனின் அடிமையான தச்சர் ஐசக், பங்கைச் சேர்ந்த கிட்டியை மணந்தால், பிறக்கும் மகள்கள் எல்லோரும் கஸ்டிஸ் சொத்து. நாற்பது ஆண்டு இப்படியே கலந்து மணந்து குடும்பங்கள் பின்னிவிட்டன. வாஷிங்டன் 1793-இல் தன் நான்கு பண்ணைகளை ஆங்கிலேய விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் ஆட்களை விடுவிக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார். குத்தகைக்கு ஆள் வரவில்லை.

கடைசியில் 1799 ஜூலையில் எழுதிய உயிலில், மார்த்தா இறந்த பிறகு தன் 123 பேருக்கும் விடுதலை என்றார். போரில் உடனிருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும். முதியவர்களுக்கு உணவும் உடையும். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் 25 வயதுவரை தொழில் பழக வேண்டும், எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். எஸ்டேட் இந்த உதவித்தொகையை 1833 வரை கொடுத்திருக்கிறது. இதில் ஓர் ஓட்டை இருந்தது: ஒரு பெண்ணின் சாவுக்குப் பிறகுதான் 120-க்கும் மேற்பட்டவர்களுக்கு விடுதலை என்று எழுதினால், அந்தப் பெண் அவர்கள் நடுவில் எப்படி நிம்மதியாக வாழ்வார்? மார்த்தா 1801 ஜனவரி 1-இலேயே அவர்களை விடுவித்துவிட்டார். பங்கைச் சேர்ந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1802-இல் மார்த்தா இறந்ததும் நான்கு பேரக்குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். ஐசக்குக்கு விடுதலை, கிட்டிக்கும் மகள்களுக்கும் இல்லை.

இந்த உயிலை மட்டும் காட்டி வாஷிங்டனை உயர்த்துவதும் சரியில்லை. தலைநகரம் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி, வெளிமாநிலத்தவர் கொண்டுவந்த அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு, ஜனாதிபதிக்கு இல்லை. தலைமை வழக்கறிஞர் ராண்டால்ஃபின் அடிமைகளே அப்படிக் கோரி வெளியேறினார்கள். 1791-இல் வாஷிங்டன் தன் செயலாளருக்கு எழுதினார்: ஆறு மாதம் நிறையும் முன் ஆட்களை மாநில எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வர வேண்டும்; அவர்களும் பொதுமக்களும் ஏமாறும்படி ஏதாவது சாக்கு சொல்லிச் செய்ய வேண்டும். இப்படி ஆளை மாற்றி மாற்றிக் கொண்டுபோவதை 1788-இல் வந்த திருத்தம் தடை செய்திருந்தது என்பதையும் கவனியுங்கள்.

அந்த வீட்டிலிருந்து 1796 மே 21 அன்று, குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியே நடந்தவர் ஓனா ஜட்ஜ், மார்த்தாவின் பணிப்பெண். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முடிவெடுத்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் அங்கிருந்த சுங்க அதிகாரி ஜோசஃப் விப்பிளை வைத்துப் பேசிப் பார்த்தார். உங்கள் காலத்துக்குப் பின் எனக்கு விடுதலை என்று வாக்குத் தந்தால் வருகிறேன் என்றார் ஓனா. விசுவாசமில்லாதவருக்கு மற்றவர்களை முந்திப் பரிசளிப்பது நியாயமாகாது என்று வாஷிங்டன் மறுத்தார். 1799-இல் மார்த்தாவின் உறவினர் ஒருவரும் போய் முயன்றார், ஓனா பிடிபடவில்லை. 1848-இல் இறக்கும்வரை, 1793-இல் வாஷிங்டனே கையெழுத்திட்ட தப்பியோடியோர் சட்டப்படி அவர் கஸ்டிஸ் சொத்தாகவே இருந்தார்.

"அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்ற வாதத்தை உடைக்க, அந்தக் காலத்து ஆட்களின் வார்த்தைகளே போதும். பேட்ரிக் ஹென்றி 1773-இல் ஒரு குவேக்கருக்கு (அடிமைமுறையை எதிர்த்த கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) எழுதிய கடிதத்தில், தான் விலைகொடுத்து வாங்கிய அடிமைகளின் எஜமானன் என்றும், அவர்கள் இல்லாமல் வாழ்வது சிரமம் என்பதால்தான் வைத்திருப்பதாகவும், இதை நியாயப்படுத்த மாட்டேன், முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார். மேடிசன் 1783-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தந்தைக்கு எழுதுகிறார்: தன்னுடன் வந்த அடிமை பில்லியை வர்ஜீனியாவுக்குத் திரும்பக் கூட்டிவர முடியாது, அவன் மனம் மாறிவிட்டது, நாம் இவ்வளவு இரத்தம் சிந்திப் பெற்ற அதே சுதந்திரத்தை அவன் விரும்பியதற்காகத் தண்டிக்க மனமில்லை என்று. அதனால் பென்சில்வேனியாவிலேயே ஏழு ஆண்டு ஒப்பந்த வேலைக்காரனாக விற்றார். அதன் பிறகு பில்லி விடுதலையானார். இதையெல்லாம் எழுதிய மேடிசன், 1836-இல் இறந்தபோது தன்னிடம் இருந்த ஒருவரைக்கூட உயிலில் விடுவிக்கவில்லை.

அடிமைகளும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே? 1781-இல் மாசசூசெட்ஸில் எலிசபெத் ஃப்ரீமன் என்ற அடிமைப்பெண், எல்லோரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று மாநில அரசியலமைப்பு சொல்கிறதே என்று வழக்குப் போட்டு வென்றார். அதே மாநிலத்தில் குவாக் வாக்கர் என்ற அடிமையின் விடுதலை பற்றிய வழக்குகள் 1783-இல் அவருக்குச் சாதகமாக முடிந்தன. 1790 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் அடிமைகள் எண்ணிக்கை பூஜ்யம். மவுண்ட் வெர்னனிலிருந்து ஹாரி வாஷிங்டன் என்ற அடிமை ஆங்கிலேயர் பக்கம் ஓடி, 1783-இல் சுமார் 3,000 கறுப்பர்களோடு இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியா போனார்.

கடைசியாக, இந்தத் தலைமுறை கூட்டாகச் செய்த வேலையான 1787 அரசியலமைப்பு. இதில், கீழவை இடங்களைப் பங்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணிய ஐந்தில் மூன்று விதியைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கறுப்பரை ஐந்தில் மூன்று பங்கு மனிதர் என்று சொன்னதாக நினைக்கிறார்கள். சுதந்திரக் கறுப்பர் முழுதாகவே எண்ணப்பட்டார். அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் தெற்கத்திப் பண்ணையார்கள். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்கத்தியர். எண்ணிக்கை கூடினால் கீழவையில் தெற்குக்கு இடம் கூடும், ஓட்டுப் போடுவதோ எஜமானர்கள் மட்டும். பென்சில்வேனியாவின் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி இல்லை) அரசியலமைப்பை வகுத்த மாநாட்டில் ஆகஸ்ட் 8 அன்று நேராகவே கேட்டார்: அவர்கள் மனிதர்களா? அப்படியானால் குடிமக்களாக்கி ஓட்டுரிமை கொடுங்கள். சொத்தா? அப்படியானால் வேறு எந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை? பதிலுக்குத் தெற்கு அதே விகிதத்தில் நேரடி வரி கட்ட வேண்டும் என்பது பேரம். மத்திய அரசு நேரடி வரி போட்டதே அபூர்வம் என்பதால் தெற்குக்குக் கிடைத்தது லாபம் மட்டும். ஜனாதிபதித் தேர்வாளர் எண்ணிக்கையும் இதை ஒட்டியே அமைந்தது. 1800 ஜனாதிபதித் தேர்தலில் ஜெஃபர்சனுக்குத் தேர்வாளர் ஓட்டு 73, எதிர்த்து நின்ற ஆடம்ஸுக்கு 65. அடிமைகளை எண்ணாமல் விட்டிருந்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று கணக்கிடலாம்.

அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்ற விதியும் ஒரு பேரம்தான். முதலில் சொல்லப்பட்ட ஆண்டு 1800. தென் கரோலினாவின் பிங்க்னி அதை 1808 ஆக்கக் கேட்டார், வழிமொழிந்தவர் மாசசூசெட்ஸின் கோரம். நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மூன்றும் ஆதரித்தன. பதிலுக்கு, கப்பல், வாணிபச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற அவர்களுக்கு வழி கிடைத்தது. எதிர்த்து வாக்களித்த நான்கில் வர்ஜீனியாவும் ஒன்று. இதை அறம் என்று மட்டும் படிக்கக் கூடாது. வர்ஜீனியாவில் அடிமைகள் வேகமாகப் பெருகுகிறார்கள், அங்கே இறக்குமதியைவிட வளர்ப்பதே மலிவு என்று கனெக்டிகட்டின் எல்ஸ்வர்த் அந்த அவையிலேயே போட்டு உடைத்தார். இந்த விதியை 1808 வரை திருத்தக்கூட முடியாது என்று ஐந்தாம் பிரிவில் பூட்டும் போட்டார்கள். தென் கரோலினா 1803-இல் துறைமுகத்தைத் திறந்து, தடை வருவதற்குள் ஏறத்தாழ 40,000 பேரை இறக்கியது.

1790 பிப்ரவரியில் முதுமையின் விளிம்பிலிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தானே முன்பு அடிமை வைத்திருந்தவர், பென்சில்வேனியா அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக, அடிமைமுறைக்கு எதிராகக் காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார். மார்ச்சில் கீழவை தந்த பதில்: 1808 வரை இறக்குமதியைத் தடுக்க அதிகாரமில்லை, மாநிலங்களுக்குள் விடுதலை பற்றிப் பேச எப்போதுமே அதிகாரமில்லை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம். ஜெஃபர்சன் கையெழுத்திட்ட தடை 1808 ஜனவரி 1-இல் வந்த பிறகும் உள்நாட்டு விற்பனைக்குத் தடை எதுவும் இல்லை. வர்ஜீனியாவிலிருந்து பருத்தி நிலங்களுக்கு ஆட்கள் விற்கப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 1810-இல் எண்ணிக்கை 12 லட்சத்தை நெருங்கியது, 1820-இல் 15 லட்சத்தைத் தாண்டியது.